காலண்டர் ஊர்க்காரனும் ஜிம்போச்சோ மாடிக் கடையும்

சிவகாசிக்காரன் ஒருவன் காலண்டர் தாளைப் பார்த்து ஏமாந்தான் என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நான் ஏமாந்தேன்.

அப்பா ஆஃப்செட் மெஷின்மேன். நானும் பள்ளிக்கூடம் முடித்த கையோடு அதே மெஷின் பக்கத்தில் நின்றவன்தான். இப்போது ஜப்பானில், சைத்தாமாவில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஓர் ஆலையில் வேலை. சட்டைப்பையில் எப்போதும் லென்ஸ் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் இணைய ஏலத்தில் ஒரு படம் கண்ணில் பட்டது. சைத்தோ கியோஷியின் பனிக் கிராமம், மரக்கட்டை அச்சு என்று போட்டிருந்தது. கூரைமேல் திட்டுத் திட்டாகப் பனி, கறுத்த சுவர், குடை பிடித்துப் போகிற ஓர் உருவம். சைத்தோ ஃபுகுஷிமாவின் ஐசு பக்கம் பிறந்தவர். அந்த ஊர்ப் பனியைத் திரும்பத் திரும்பச் செதுக்கியவர். 14,000 யென்னுக்கு எடுத்தேன். பார்சலைப் பிரித்து லென்ஸை வைத்தால், புள்ளி! சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு நான்கும் ரோஜாப்பூ மாதிரி வட்டம் கட்டி நிற்கின்றன. மெஷினில் ஓட்டிய ஏதோ ஒரு கம்பெனி காலண்டரின் மேல்பாதி. தேதி இருந்த கீழ்ப்பாதியை கட்டிங் மெஷினில் கொடுத்து நறுக்கியிருக்கிறார்கள், அதுவும் நல்ல சுத்தமான வெட்டு. விற்றவரிடம் கேட்டால், "படத்தில் இருந்ததைத்தானே அனுப்பினேன்" என்று பதில். மனைவி இரண்டு நாள் சிரித்தாள்.

எங்கள் ஆலையில் தாள் வாங்கும் பிரிவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒரே வாக்கியம்: கையில் எடுத்துப் பார்க்க விடுகிற கடையில் மட்டும் வாங்கு. ஒரு துண்டுத்தாளில் வழியும் வரைந்து கொடுத்தார். அந்தக் கடையைப் பற்றித்தான் இது. பெயர் போடவில்லை. உள்ளே மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் படிக்கட்டில் நிற்கவேண்டிய கடை அது, கடையை நடத்தும் அம்மாவும் எழுதவேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டார். ஆனால் இந்த மாதிரிக் கடைக்குள் எப்படிப் போவது, எதைப் பார்ப்பது என்பதை எழுதுவதில் தப்பில்லை.

ஜிம்போச்சோ தோக்கியோவின் பழைய புத்தகக் கடை வட்டாரம். யாசுகுனி தெருவின் தெற்கு வரிசையில்தான் கடைகள் நெருக்கமாக இருக்கும், எல்லாம் வடக்கே பார்த்தபடி. நேர்வெயில் பட்டால் புத்தகம் வெளுத்துவிடும் என்பதற்காக அப்படி. அச்சுத்தாளுக்கும் அதே கணக்குத்தான். நான் சொல்லும் கடை அந்த வரிசையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. படிக்கட்டு செங்குத்து. கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டி வலிக்காரர்கள் யோசித்துக்கொண்டு வரவும்.

நுழைந்ததும் இடதுபக்கம் ஒரு சின்ன வாஷ்பேசின். கை கழுவி, துடைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்த பிறகுதான் இழுப்பறை திறக்கும். கையுறை கிடையாது. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் கனம் தெரியாது, அதனால்தான் தாள் மடங்கும் என்கிறார் அந்த அம்மா. எங்கள் ஆலையிலும் ஷீட்டை விசிறும்போது யாரும் கையுறை போடுவதில்லை. அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குக் கடை பிடித்துவிட்டது. இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்கி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்க்கவேண்டும். பார்த்து முடித்துக் கீழே வைக்கப்போனால், "உரா மோ தோஸோ" என்பார். பின்பக்கமும் பாருங்கள் என்று அர்த்தம்.

மூன்று தடவை போய்வந்த பிறகுதான் அந்தச் சொல்லின் எடை புரிந்தது.

இந்தக் கடை உக்கியோயே, அதாவது பழைய காலத்து ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படம் விற்கும் கடையில்லை. அதில் பேர்போன ஓவியர்கள் ஹொகுசாய், ஹிரோஷிகே கேட்டால் பக்கத்துக் கட்டடத்தைக் காட்டுவார். இங்கே இருப்பது சோசாகு ஹங்கா. படைப்பு அச்சு என்று சொல்லலாம். பழைய உக்கியோயே நான்கு பேர் வேலை. பதிப்பாளர் காசு போடுவார், ஓவியர் வரைவார், செதுக்குபவர் செதுக்குவார், அச்சிடுபவர் அச்சிடுவார். நம் ஊரில் டிசைன் ஒரு இடம், பிளேட் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம், பைண்டிங் நாலாவது தெரு என்று இருக்கிற மாதிரி. 1904இல் யாமமோட்டோ கானாயே என்ற இளைஞர் ஒரு மீனவரின் உருவத்தைத் தானே வரைந்து, தானே கட்டையில் செதுக்கி, 'மியோஜோ' என்ற இலக்கியப் பத்திரிகையில் வெளியிட்டார். அங்கிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்குகிறது. தானே வரை, தானே செதுக்கு, தானே அச்சிடு என்பது அந்த இயக்கத்தின் மந்திரம்.

முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. செதுக்குபவனும் அச்சிடுபவனும் கலைஞன் இல்லையா? அப்பா நாற்பது வருடம் அடுத்தவர் டிசைனைத்தான் ஓட்டினார். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சொன்ன பதிலில் கொஞ்சம் அடங்கினேன். கானாயே சிறுவயதிலேயே மரச் செதுக்குப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவராம். அடுத்தவர் வரைந்ததைக் கூலிக்குச் செதுக்கி வளர்ந்தவர். தொழில் தெரியாத ஓவியர் தொழிலாளியை ஒதுக்கிய கதையல்ல, தொழிலாளியே ஒருநாள் பென்சிலையும் எடுத்த கதை. அப்படியென்றால் சரி.

ஆனால் 'தானே' என்ற சொல்லை எல்லோரும் ஒரே பொருளில் பயன்படுத்தியதாகவும் சொல்ல முடியாது. யோஷிதா ஹிரோஷி என்று ஒருவர். இந்த இயக்கத்துக்காரர் அல்ல, ஆட்களை வைத்து அழகழகான நிலக்காட்சி அச்சுகள் போட்டவர். 1930களின் தொடக்கத்தில் இந்தியப் பயணத்தை வைத்துச் செய்த தொடரில் மதுரைக் கோயிலும் உண்டு. அவருடைய அச்சுகளின் ஓரத்தில் 'ஜிஸுரி' என்ற முத்திரை இருக்கும். தானே அச்சிட்டது என்று அர்த்தம். உண்மையில் அவர் பக்கத்தில் நின்று மேற்பார்க்க, அச்சுத் தொழிலாளிகள் அச்சிட்டது. அந்த முத்திரை இருந்தால் விலை ஒரு படி கூடும். வாங்குபவர்களுக்கு ஒரு தகவலாக இருக்கட்டும்.

கடையின் நேர்மையை நான் பார்த்தது ஓன்ச்சி கோஷிரோவின் ஒரு தாளில். ஓன்ச்சி (1891–1955) இல்லாமல் இந்தத் துறையில் அரூபம், அதாவது எந்த உருவத்தையும் காட்டாத படம், என்ற பேச்சே இல்லை. 1914இல், இருபத்து மூன்று வயதில், தனாகா கியோகிச்சி, ஃபுஜிமோரி ஷிஸுவோ என்ற இரண்டு நண்பர்களோடு 'ட்ஸுகுஹாயே' என்ற இதழைத் தொடங்கினார். கவிதையும் மரக்கட்டை அச்சும் கலந்த இதழ். தனாகாவுக்குக் காசநோய், 1915இல் இறந்துபோனார். அதே வருடம் ஓன்ச்சி செய்த 'ஒளியான நேரம்' என்ற சின்ன அச்சு ஜப்பானின் முதல் அரூபப் படங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. மனிதன், மரம், மலை எதுவும் இல்லை. வடிவமும் நிறமும் மட்டும். நண்பன் சாகக் கிடக்கும்போது அந்தத் தலைப்பைப் போட எப்படி மனது வந்தது என்று நான் இப்போதும் யோசிப்பதுண்டு.

போருக்குப் பிறகு ஓன்ச்சி ஏறக்குறைய முழுதாகவே அரூபத்துக்குப் போய்விட்டார். கட்டையோடு நூல், இலை, துணி, அட்டை என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் மை தடவி அழுத்தினார். பல படங்களில் அவர் கையால் எடுத்த பிரதிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அடுத்த படம் செய்யும் அவசரம் அவருக்கு. அந்தச் சில பிரதிகளிலும் நல்லவற்றை அப்போது தோக்கியோவில் இருந்த அமெரிக்கர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு ஓன்ச்சியை நிறைவாகப் பார்க்கவேண்டும் என்றால் சிகாகோ கலைக்கூடத்தையும் சொல்கிறார்கள்.

இந்தக் கடையில் இருந்தது ஓன்ச்சி இறந்தபின், அவருடைய கட்டைகளிலிருந்து ஹிராய் கோயிச்சி என்பவர் எடுத்த பிரதி. விவர அட்டையில் முதல் வரியே 'ஆசிரியர் இறந்தபின் அச்சிட்டது' என்று சிவப்பு மையில், கொட்டை எழுத்தில். ஒரு வார்த்தை குறைத்து எழுதியிருந்தால் என்னை மாதிரி ஆள் மூன்று மடங்கு காசு கொடுத்திருப்பான். "தானே அச்சிடு என்ற கொள்கை இங்கே என்ன ஆனது?" என்று கேட்டேன். "செத்தவர் எப்படி அச்சிடுவார்" என்றார் அந்த அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

எனக்கு அரூபம் என்றாலே பயம்தான். ஊரில் ஒரு கண்காட்சியில் பார்த்துவிட்டு, ரிஜிஸ்டர் அவுட் ஆன ஷீட் மாதிரி இருக்கிறதே என்று சொன்ன ஆள் நான். அதுதான் என் தொழில் நோய். ஒரு நிறம் அடுத்த நிறத்தின்மேல் மயிரிழை தள்ளி விழுந்தாலும் கண் அங்கேயே போய் நிற்கும். மரக்கட்டை அச்சில் ரிஜிஸ்டருக்கு 'கென்டோ' என்று பெயர். கட்டையின் மூலையில் மூலைமட்டம் மாதிரி ஒரு வெட்டு, அதே ஓரத்தில் கொஞ்சம் தள்ளி நேராக ஒரு வெட்டு. தாளின் மூலை ஒன்றில் உட்காரும், ஓரம் மற்றதில் முட்டும். நம் மெஷினில் தாளை இடம் மாறாமல் நிறுத்தும் சைடு லே, ஃப்ரன்ட் லே இரண்டும் அங்கே உளியால் வெட்டிய இரண்டு கீறல். அதை வைத்துக்கொண்டு இருபது நிறம் போட்டிருக்கிறார்கள் உக்கியோயேகாரர்கள். அதைப் பார்த்து நான் வாயைப் பிளந்திருக்கிறேன். அப்படிப்பட்ட ரிஜிஸ்டர் கையில் இருந்தும், அதை வேண்டுமென்றே தளர்த்தியவர்கள் இந்த அரூபக்காரர்கள் என்பது எனக்குச் செரிக்கவில்லை.

செரிக்கவைத்தது ஹகிவாரா ஹிதேவோவின் ஒரு தாள். பெரியது, அடர்ந்த நீலமும் துருப்பிடித்த சிவப்பும். முன்பக்கம் பார்த்தபோது ஏதோ கறை படிந்த சுவர் என்றுதான் நினைத்தேன். "உரா மோ தோஸோ." திருப்பினேன். பின்பக்கம் முழுக்க நிறம்! கசிந்து வந்தது இல்லை, பின்பக்கமும் கட்டை வைத்து அச்சிட்டிருக்கிறார். பின்னாலிருந்து போட்ட நிறம் தாளுக்குள் ஊறி முன்பக்கம் தலைகாட்டுகிறது, அதன்மேல் முன்பக்கத்து நிறம். அதனால்தான் அந்த நீலம் தாளின்மேல் நிற்காமல் தாளுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது. எங்கள் ஆலையில் மை பின்பக்கம் ஊறினால் வேஸ்டேஜ் புத்தகத்தில் என் பெயர் ஏறும். இந்த மனிதர் அதையே வேலையாக வைத்திருக்கிறார்.

ஆஃப்செட்டில் தாள் ஒரு மேடை, மை அதன்மேல் நிற்கும். இங்கே அப்படி இல்லை. கோஸோ என்கிற முசுக்கட்டை வகை மரத்து நாரில் செய்த, வாஷி என்கிற ஜப்பானியத் தாளை ஈரமாக்கி, கட்டைமேல் போட்டு, 'பாரென்' என்கிற மூங்கில் உறை சுற்றிய வட்டத் தட்டால் தேய்க்கிறார்கள். பிரெஸ் கிடையாது, தோள்தான் பிரெஸ். நிறம் நாருக்குள் இறங்குகிறது. கை எங்கே அழுத்தியது, எங்கே தளர்ந்தது, வட்டமாகப் போனதா நேராகப் போனதா, எல்லாம் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். பழைய தொழிலாளிகள் அந்தத் தடம் முன்னால் தெரியாமல் மறைப்பதைத் திறமை என்றார்கள். இவர்கள் முன்னால் கொண்டுவந்து காட்டினார்கள். காட்சி எதுவும் இல்லாத படத்தில் கண்ணுக்குப் போக வேறு இடமில்லை, அந்தத் தடத்துக்குத்தான் போகும். ஹகிவாராவின் தாளோடு கால்மணி நேரம் நின்றேன். விலை 95,000. நான் கொண்டுபோனது 60,000.

அப்புறம் மாகி ஹாகு. இவரைப் பற்றி எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. இவர் பலகையில் சிமெண்ட் பூசி, அது இறுகுவதற்குள் கீறி, அதையே அச்சுக்கட்டையாக வைத்தவர். சீன எழுத்துகளை உருக்குலைத்து, பாதி எழுத்து பாதி கல் என்கிற மாதிரி வடிவங்கள். தாளில் விரல் வைத்தால் புடைப்பு நன்றாகத் தட்டுப்படும் (விரல் வைக்க விடமாட்டார்கள், நான் வைத்துவிட்டேன், திட்டு வாங்கினேன்). ஸ்வீட் பாக்ஸ் எம்பாசிங்குக்கு நாங்கள் ஆண் டை, பெண் டை இரண்டும் செய்து, டன் கணக்கில் அழுத்தம் கொடுக்கிறோம். இவர் ஈரத் தாளும் சிமெண்டும் வைத்துச் சாதித்திருக்கிறார். 25,000 யென்னிலிருந்து கிடைக்கிறது. இந்தத் துறையில் முதலாவதாக ஒன்று வாங்க ஆசைப்படுபவர்களுக்கு நான் இவரைத்தான் சொல்வேன். ஆனால் ஒரே தினுசில் நிறையச் செய்திருக்கிறார், பத்துத் தாள் பார்த்தால் பதினொன்றாவது சலிக்கும்.

நான் வாங்கியது இவாமி ரெய்காவின் ஒரு தாள். பெண் அச்சுக் கலைஞர்கள் சேர்ந்து 1956இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். அதில் முக்கியமானவர்களில் ஒருவர். மதுரைக் கோயிலை அச்சாக்கிய யோஷிதாவின் மருமகள் சிஸுகோவும் அந்தச் சங்கத்தில் இருந்தவர்தான், அவர் செய்ததும் மாமனார் பாணி இல்லை. இவாமி கடலில் மிதந்து ஒதுங்கிய மரத்தை எடுத்து அதையே கட்டையாக வைத்தவர். உப்புத்தண்ணீர் அரித்து, மென்பகுதி போய், ரேகை மட்டும் நரம்பு மாதிரி எழுந்து நிற்கும் மரம். அதற்குக் கறுப்பு மை கொடுத்தால் அலை, தண்ணீர், என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். தலைப்பிலும் தண்ணீர் என்றுதான் இருக்கிறது. பாதிப் படம் மையே இல்லாத வெள்ளைப் புடைப்பு. ஓரத்தில் தங்கத் தாள் ஒரு கீற்று.

'தானே செதுக்கு' என்று சத்தியம் செய்த இயக்கத்தில் வந்தவர், பாதிச் செதுக்கலைக் கடலிடம் விட்டுவிட்டார். இதை நான் சொன்னபோதுதான் அந்த அம்மா முதல்தடவையாகச் சிரித்தார். 58,000 சொன்னார், பேரம் இல்லை. ஊர்க் காசுக்கு 30,000 ரூபாய்க்கு மேல். கீழ் ஓரத்தில் பென்சிலில் எண், கையெழுத்து. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பழக்கதோஷம். புள்ளி இல்லை. நார் மட்டும் தெரிந்தது.

குறைகள் உண்டு. மேல் இழுப்பறைகளில் விலைச்சீட்டே கிடையாது, ஒவ்வொன்றுக்கும் கேட்கவேண்டும். கார்டு வாங்குவதில்லை. திறப்பது மதியம், ஆனால் எத்தனை மணி என்பது அவர் மனதைப் பொறுத்தது. ஒருநாள் சைத்தாமாவிலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, கீழே ஒரு ஜப்பானியக் குழம்புச்சோற்றுக் கடையில் கத்ஸு கறி, அதாவது பொரித்த இறைச்சியோடு குழம்புச்சோறு, சாப்பிட்டுத் திரும்பினேன். (ஜிம்போச்சோ புத்தகத்தோடு இந்தக் குழம்புச்சோற்றுக் கடைகளுக்கும் பேர்போனது, அதனால் முழு நஷ்டம் இல்லை.) நான் வாங்கிய தாளின் ஓரத்தில் பழைய மவுண்ட் அட்டை உரசிய இடத்தில் மெல்லிய பழுப்புக் கோடு இருக்கிறது. அதை அவராகச் சொல்லவில்லை, நான் கண்டுபிடித்துக் கேட்டபிறகு தலையாட்டினார். சிவப்பு மையில் எழுதத் தெரிந்தவருக்கு இதையும் ஒரு வரி எழுதத் தெரிந்திருக்கவேண்டும். சட்டம் போட்டுத் தருகிறேன் என்றார், விலையைக் கேட்டு வேண்டாம் என்றுவிட்டேன். அமிலமில்லாத அட்டை வாங்கி நானே போட்டேன், தாளை முழுதாக ஒட்டாமல் மேல் ஓரத்தில் மட்டும் வாஷிக் கீல் இரண்டு வைத்து.

இரண்டாவது தடவை போனபோது அந்தக் காலண்டர் தாளையும் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன், என் முட்டாள்தனத்தைக் காட்டுவதற்கு. அந்த அம்மா என் லென்ஸை வாங்கி, ஜன்னலோரம் போய், நிதானமாக மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார். "ரிஜிஸ்டர் ரொம்ப நன்றாக இருக்கிறதே" என்றார். இதைச் சிவகாசியில் யாராவது சொல்லியிருந்தால் அப்பா டீ வாங்கிக் கொடுத்திருப்பார்.

இவாமி இப்போது வெயில் படாத உள்சுவரில் இருக்கிறது. மாட்டிய அன்று மனைவி வந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "ஏங்க, இதுல எது மேல்பக்கம்?" என்றாள். கையெழுத்தைக் காட்டினேன். காலண்டர் தாளைத் தூக்கிப்போட மனம் வராமல் சமையலறையில், அரிசிக் குக்கருக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். ஆவி பட்டு ஒரு மூலை சுருண்டுவிட்டது. அவளுக்கு இன்றைக்கும் அதுதான் பிடிக்கும்.